நாற்பத்தோராம் படியைத் தாண்டி வந்த தண்ணீர்

சமையலறையிலிருந்து யாரோ சுடுதேநீரை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது.

முன்னறையில் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரியின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. வீட்டில் என்ன, மேட்டு லயத்து வரிசை வீடுகள் எதிலுமே அந்த நேரம் ஈ காக்கை இல்லை. மற்றப் பதின்மூன்று வீட்டுக்காரர்களும் குழாய்ப் பூசை பார்க்கப் பள்ளத்து லயத்துக்கு இறங்கிப் போயிருந்தார்கள்.

“யாரு உள்ள?”

 மறுபடியும் அதே உறிஞ்சல். இந்த முறை இன்னும் நீளமாக, ருசித்துக் குடிப்பதுபோல.

விரிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சமையலறையில் யாரும் இல்லை. சுவரில் புதிதாகப் பொருத்தியிருந்த பித்தளைக் குழாய் மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தது. அதன் கீழே நீல வாளி, காலையில் வைத்தது, உலர்ந்து கிடந்தது. சத்தம் அந்தக் குழாயிலிருந்துதான் வந்தது.

கிருஷ்ணகுமாரி தயங்கித் தயங்கி உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தாள். குழாய் அவள் கையைப் பிடித்து இழுத்தது. பசியெடுத்த பச்சைப்பிள்ளை மார்பைப் பற்றி இழுக்குமே, அதே பிடி. கையைப் பிடுங்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். 

தண்ணீர் தர வேண்டிய குழாய் காற்றைக் குடிக்கிறது.

காலை எட்டு மணிக்கு எதிர்மலைத் தண்ணீர் டேங்கியைத் திறந்தபோது இதே குழாய் இரண்டு தரம் இருமி, செம்மண் நிறத்தில் ஒரு கரண்டித் தண்ணீரைத் துப்பியது. அதோடு சரி. மணி இப்போது பத்தே கால். பன்னிரண்டு மணிக்குள் இந்த வாளி நிறைய வேண்டும். 

தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் அது. கிருஷ்ணகுமாரிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வயதில் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. விடியுமுன் எழுந்து முந்நூறு மரத்தைச் சுற்றி வருவாள். அதில் அவளுக்குக் களைப்பில்லை. அவளைக் களைக்க வைத்தது எண்பத்துமூன்று படிக்கட்டு. மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் நடுவே கருங்கல்லில் வெட்டிய படிகள். அவற்றின் அடியில்தான் பீலி. மலையிலிருந்து வரும் ஊற்றை ஒரு இரும்புத் தகரத்தில் ஏந்தி விட்டிருப்பார்கள். இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். மேட்டு லயத்துப் பெண்கள் ஒரு நாளைக்கு ஆறு தடவை இறங்கி ஆறு தடவை ஏறினார்கள். குடிக்க, சமைக்க, குளிக்க, கக்கூசுக்கு ஊற்ற, எல்லாம் தலையிலும் இடுப்பிலும் ஏறிய தண்ணீர்தான்.

இருபத்துநான்கு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த கிருஷ்ணகுமாரி அந்தப் படிகளில் குடத்தோடு ஏறி வந்தாள். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாற்பத்தோராவது படியில் வலி கண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. குடத்தை நாற்பத்திரண்டாவது படியில் பத்திரமாக வைத்துவிட்டு அவள் படியோரச் சுவரில் சாய்ந்தாள். இரண்டு லயத்துப் பெண்களும் ஓடிவந்து சேலையால் சுற்றி மறைத்தார்கள். கொட்டும் மழையில், கருங்கல் படியில், நிரோஷா பிறந்தாள். அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் பிள்ளையைக் கழுவினார்கள். குடம் கொஞ்சமும் சாயவில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

நிரோஷாவுக்குப் ‘படிக்கட்டுப் புள்ள’ என்றே பேர் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைச் சொல்லிக் கேலி பண்ணியவனின் மூக்கை அவள் உடைத்த கதை தனி.

அந்தப் படிக்கட்டுப் புள்ளைக்குத்தான் இப்போது எட்டாம் மாதம். கரவனெல்லவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் சதீஸ் கொழும்பில் வேலை. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்க, கிருஷ்ணகுமாரி போன மாதம் சீர்த் தட்டோடு சம்பந்தி வீட்டுக்குப் போனாள். சம்பந்தி ஜீவராணி தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டாள். தேநீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

“சம்மந்தி, நீங்க புள்ள பெத்த கதைய தெஹியோவிட்ட பஸ்ஸுல ஏறுனாலே சொல்லுறாங்க. என் பேரப்புள்ளைய கருங்கல்லுல ஏந்திக்க எனக்கு மனசு வராது. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரட்டும். வந்தத நான் என் கண்ணால பாக்கணும். பாத்தா புள்ளைய விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி கூட்டிட்டுப் போறேன். கோவிச்சுக்காதீங்க.”

கோபிக்க அதில் என்ன இருக்கிறது? நியாயம்தானே. அந்த நியாயம்தான் கிருஷ்ணகுமாரியைச் சுட்டது. அன்றிரவு நிரோஷா தொலைபேசியில் மெதுவாகச் சொன்ன ஒரு வரி அதைவிடச் சுட்டது. “அம்மா, எனக்கு உங்க பக்கத்துலதான் இருக்கணும்மா. பயமா இருக்கு.”

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்துத் தண்ணீர்த் திட்ட வேலையும் முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது. எதிர்மலையில் டேங்கி கட்டியிருந்தார்கள். அங்கிருந்து குழாய் பள்ளத்து லயத்துக்கு இறங்கி, பிறகு படிக்கட்டு ஓரமாகவே மேட்டு லயத்துக்கு ஏறுகிறது. டேங்கி மேட்டு லயத்தைவிட ஒரு தென்னை உயரம் மேலே இருப்பதால் தண்ணீர் தானாக ஏறிவிடும் என்றார்கள். வீட்டுக்கு வீடு குழாய், கக்கூசுக்குத் தொட்டி, கழிவுக்குழி எல்லாம் ஆயிற்று. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் சோதனை பார்த்தபோது பள்ளத்து லயத்தின் இருபத்திரண்டு வீட்டிலும் கொட்டோ கொட்டென்று கொட்டிய தண்ணீர், மேட்டு லயத்துக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் றம்ஸீன், முப்பது வயதுப் பொடியன், நல்ல மனசு. தலையைச் சொறிந்துகொண்டு, “கடைசி வீடு உங்களுடையதுதானே அக்கா? சனிக்கிழமை இன்னொருக்கா பாப்பம். உங்கட பைப்ப மட்டும் தொறந்து வைங்கொ, மேல மத்தவங்க எல்லாரும் மூடி வைக்கட்டும். பன்னெண்டு மணிக்குள்ள வந்தா சரி. வராட்டி நான் மேல் லயத்த திட்டத்துல இருந்து வெட்டி எழுதணும். படிக்கட்டு அடியில ஒரு பொதுக்குழாய் போட்டுத் தருவம். சாமானெல்லாம் வேற தோட்டத்துக்குப் போகும். என் கையில ஒண்டும் இல்ல” என்றான்.

அந்தச் சனிக்கிழமை இதுதான். சம்பந்தியும் மகளும் வருவதாகச் சொன்ன நாளும் இதேதான். காலையில் நிரோஷா செய்தி அனுப்பியிருந்தாள்: ‘பஸ் ஏறிட்டோம்மா.’

கிருஷ்ணகுமாரி குழாயை வெறித்துப் பார்த்தாள். குழாய் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு வருடம் மரத்தின் சாய்வெட்டில் பால் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், எதனால் நிற்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. காலையில் தண்ணீர் இங்கே வரை ஏறி வந்தது. அதற்குச் சக்தி உண்டு. ஏறிய தண்ணீர் ஏன் திரும்பி இறங்குகிறது? யாரோ கீழேயிருந்து இழுக்கிறார்கள்.

அவள் காலில் செருப்புக்கூடப் போடவில்லை. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

பள்ளத்து லயத்தில் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. இருபத்திரண்டு குழாயும் முழுவதுமாகத் திறந்து கிடந்தன. வாளிகள் நிரம்பி, தொட்டிகள் நிரம்பி, முற்றமெல்லாம் ஓடி, தண்ணீர் வடிகால் கானில் விழுந்து ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் மூட நினைக்கவில்லை. மூடுவது என்ற ஒன்றே அந்த மனிதர்களுக்குப் பழக்கமில்லை. மூன்று தலைமுறையாகப் பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள். பீலிக்கு ஏது திருகு?

அவள் முதல் வீட்டுக் குழாயைத் திருகி மூடினாள். இரண்டாவதை மூடினாள். மூன்றாவதற்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் முதலாவது மறுபடி கொட்டிக்கொண்டிருந்தது.

“என்னா குமாரி அக்கா, எங்க வீட்டுத் தண்ணி உனக்குக் கண்ண உறுத்துதா?” என்றாள் அந்த வீட்டு இலட்சுமி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

“வாளிதான் ரொம்பிருச்சே. மூடேன் தாயி.”

“தலைவரு மூடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அவருகிட்டப் போயி பேசு.”

தலைவர் என்றால் ஐயாவு. கோயில் கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற கங்காணி, எழுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டியில் கதிரை போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார், தண்ணீரையே தாம்தான் பெற்றெடுத்தது போல.

“தலைவரே, பைப்ப எல்லாம் கொஞ்ச நேரம் மூடச் சொல்லுங்க. நீங்க தொறந்து விட்டிருக்கதாலதான் மேல ஏற மாட்டேங்குது.”

“மூடுறதா?” ஐயாவு கண்ணாடியைக் கழற்றினார். “புள்ள, வந்த மகாலச்சுமிய வாசல்ல வச்சுக் கழுத்த நெரிக்கச் சொல்றியா? மூணு நாளைக்கு ஓட விடணும். அதுக்குப் பொறகுதான் மத்ததெல்லாம்.”

“றம்ஸீன் சேர் தண்ணி வந்ததும் மூடச் சொன்னாருல்ல? நீங்களும் தலைய ஆட்டுனீங்களே.”

“பெரிய உத்தியோகத்துப் புள்ள சொல்லுது, மரியாதைக்கு ஆட்டுனேன். அதுக்காக மூடிருவமா? நம்ம பீலிய இந்த நூறு வருசத்துல யாராவது மூடியிருக்காங்களா? நீயே சொல்லு.”

கூட்டம் அவர் பக்கம் தலையாட்டியது.  மணி பத்தே முக்கால். இந்நேரம் பஸ் தெஹியோவிட்டவைத் தொட்டிருக்கும். அவளுடைய மகள் பஸ் சன்னலில் தலை சாய்த்து, வயிற்றில் கைவைத்து வந்துகொண்டிருப்பாள். திரும்பிப் போகும்போது அந்தக் கண் எப்படி இருக்கும்? அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான், அழுகைக்கும் பேச்சுக்கும் இடையில், அவளுக்கு அது பளிச்சென்று தோன்றியது.

“மூடியிருக்காங்க தலைவரே” என்றாள்.

“யாரு?”

“நீங்கதான். வருசா வருசம். உங்க கையால.”

ஐயாவு விழித்தார். 

“திருவிழாவுல கரகம் பாலிக்கிற அன்னிக்கு என்னா செய்வீங்க? பீலியில கரகத்த ரொப்பி மேல கோயிலுக்குத் தூக்கி விட்டதும், பீலி வாயில வாழமட்டைய அடிச்சு இறுக்கி மூடுவீங்கல்ல? கரகம் கோயில்ல எறங்கி மணியடிக்கிற வரைக்கும் கீழ ஒருத்தரும் தண்ணி தொடப்படாதுன்னு கம்பும் கையுமா காவல் நிப்பீங்கல்ல? ஒரு தரம் என் மாமியா வாய் கொப்பளிச்சதுக்கு நீங்க போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். அவள் விடவில்லை. 

“கோயிலு எங்க இருக்கு? எங்க லயத்துக்குப் பக்கத்துல. இன்னிக்கும் அதே படிக்கட்டுதான். அதே மேடுதான். கரகத்த ஆளு தூக்கிட்டுப் போகல, பைப்புக்குள்ள போகுது. அவ்வளவுதான் வித்தியாசம். கரகம் பாதி வழியில நிக்கிறப்ப நீங்க எல்லாரும் கீழ தண்ணிய அள்ளிக்கிட்டிருக்கீங்க. இது முறையா?”

 ஐயாவுவின் பார்வை மெல்ல மெல்லப் படிக்கட்டில் ஏறி, மேலே கோயில் கூரையில் போய் நின்றது. பிறகு கதிரையை உதைத்துக்கொண்டு எழுந்தார். எழுபது வயதுக்காரர் எழுந்த மாதிரி இல்லை.

“ஏய் இலட்சுமி. மூடு அந்த பைப்ப. எல்லாரும் மூடுங்க. இப்பவே. கரகம் போகுதுன்னு தெரியாம பேச்சுப் பேசிக்கிட்டு நிக்கிறீங்க.”

“இப்பத்தானே மூடக் கூடாதுன்னீங்க?”

“அது அப்ப. தப்பு எங்க? கொண்டாங்கடா தப்ப.”

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு வாய் போதாது. தப்பு மேளம் முழங்கியது. பெண்கள் குழாய்க்குக் குழாய் ஓடினார்கள். சிலருக்கு எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியவில்லை. ஒருத்தி இறுக்குவதாக நினைத்து இன்னும் திறந்து, முழுக்க நனைந்து, சிரித்துக்கொண்டே நின்றாள். கிருஷ்ணகுமாரி வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓடினாள். பத்து. பதினைந்து. இருபது. இருபத்தொன்று.

லயம் முழுக்க அமைதியானதும் ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் சலசலவென்று சத்தம் கேட்டது. கதவில் பூட்டு.

“யாரு வீடு இது?” என்று கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. எல்லோரும் ஐயாவுவைப் பார்த்தார்கள். ஐயாவு தப்பைப் பார்த்தார்.

“இல்ல… நம்ம பேச்ச மீறி யாராவது மூடிருவாங்களேன்னு… உள்ள தொறந்து விட்டுட்டுப் பூட்டிட்டு வந்தேன்.” சொல்லிக்கொண்டே துண்டு நுனியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார். முடிச்சு இலேசில் அவிழவில்லை. இலட்சுமி பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

இருபத்திரண்டு.

“மணிச் சத்தம் கேக்குற வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது” என்று ஐயாவு கம்பை ஊன்றி நின்றார். “நீ போ புள்ள. ஓடு.”

அவள் படிக்கட்டைத் தொட்டபோது த்ரீவீல் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு கறுப்புக் குடை, பிறகு சம்பந்தி ஜீவராணி, பிறகு வயிற்றைப் பிடித்தபடி நிரோஷா இறங்கினார்கள். சம்பந்தியின் தோளில் பெரிய துணிப்பை ஒன்று கனத்துத் தொங்கியது. அதே நேரம் எதிர்மலைப் பாதையிலிருந்து றம்ஸீனும் கோப்பு ஒன்றை இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

“வாங்க சம்மந்தி. பைய குடுங்க, நான் தூக்குறேன்.”

“வேணாம். என் பாரம் என்கிட்டயே இருக்கட்டும்.” ஜீவராணி படிக்கட்டை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். “இதுதானா அது?”

ஏறினார்கள். இரண்டு பக்கமும் இறப்பர் மரங்கள் அசையாமல் நின்றன. நிரோஷா ஐந்து படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். நாற்பத்தோராவது படி வந்ததும் சுவரில் கை வைத்து, “மாமி, நான் பொறந்த ஆசுபத்திரி இதுதான்” என்றாள். ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, “வாய மூடிட்டு ஏறு” என்றாள்.

வீட்டுக்குள் நுழையும்போது பதினொன்று நாற்பத்தைந்து. சமையலறையில் நால்வரும் குழாயைச் சுற்றி நின்றார்கள். உறிஞ்சும் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. வாளி உலர்ந்தே கிடந்தது.

“கீழ எல்லாத்தையும் மூடிட்டோம் சேர்” என்றாள் கிருஷ்ணகுமாரி.

றம்ஸீன் திடுக்கிட்டுப் பார்த்தான். “என்ன? அப்ப இவ்வளவு நேரமும் தொறந்தா ஈந்த? நான் மேல டேங்கியடியில நின்டுகொண்டு, ஃபோர்ஸ் காணாதுண்டு நெனச்சிட்டு ஈந்தேன். ரெண்டு கிழமைக்கு முந்தியும் இப்பிடியா?”

“அன்னிக்கும் இப்படித்தான். மூட யாருக்கும் தெரியல.”

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்தவன் முகம் மறுபடி வாடியது. “பைப் நெறைய நேரம் எடுக்கும் அக்கா.”

பதினொன்று ஐம்பத்தைந்து. ஜீவராணி பையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.  நிரோஷா அம்மாவின் முந்தானை நுனியைச் சின்னப்பிள்ளை மாதிரி பிடித்திருந்தாள். கீழே இரண்டு லயமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கிருஷ்ணகுமாரிக்கு இங்கிருந்தே தெரிந்தது. மாரியாத்தா, என் பிள்ளையைக் கருங்கல்லில் தந்தாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பிள்ளையையாவது வீட்டுக்குள் தா என்று மனசு கெஞ்சியது.

பன்னிரண்டு. றம்ஸீன் கோப்பைத் திறந்தான். பேனாவின் மூடியைக் கழற்றினான். கழற்றியவன் எழுதவில்லை. “என்ட மணிக்கூடு கொஞ்சம் முந்தி ஓடுது” என்றான் யாரையும் பார்க்காமல். “இன்னும் அஞ்சு நிமிசம் ஈக்கும்.”

கிருஷ்ணகுமாரியின் கண்ணில் நீர் முட்டியது. கையை நீட்டி, காலையில் வைத்ததுபோலவே உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தாள். இழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

உள்ளங்கை குளிர்ந்தது.

“சேர்” என்றாள். “ஊதுது.”

“என்ன?”

“காலையில இழுத்துச்சு. இப்ப ஊதுது சேர். காத்து வெளிய வருது.”

றம்ஸீன் ஓடிவந்து குனிந்து குழாயின் வாயில் காதை வைத்தான். வைத்திருக்கக் கூடாது. குழாய் ஒரு முறை கனைத்தது, இரண்டாம் முறை கிழவனைப் போல நெஞ்சைப் பிளந்து இருமியது, மூன்றாம் முறை செம்மண் நீரை அப்படியே அவன் கன்னத்திலும் சட்டையிலும் கோப்பிலும் வாரி இறைத்தது. அதன் பின் நிற்கவில்லை. சிவப்பு வெளுத்தது, வெளுத்தது தெளிந்தது, தெளிந்த தண்ணீர் விரல் தடிமனுக்கு நீல வாளியில் இறங்கித் தடதடவென்று கொட்டியது.

நிரோஷா கைகொட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கிருஷ்ணகுமாரி தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாள், கண்ணீர் எது குழாய்நீர் எது என்று தெரியாதபடி. அவளுக்கு மணி அடிக்க வேண்டும் என்பது மறந்தே போய்விட்டது.

மறக்காதவள் ஒருத்தி இருந்தாள். “கீழ உள்ளவங்க கோயில் மணிக்குக் காத்துக்கிட்டு நிக்கிறதா படியில வர்றப்ப சொன்னீங்களே” என்று ஜீவராணி எழுந்தாள். குடையை எறிந்தாள். அந்தக் கனத்த உடம்போடு, சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, லயத்து வாசல் வழியே கோயிலுக்கு ஓடினாள். சற்று நேரத்தில் மாரியம்மன் கோயில் மணி, திருவிழாவிலும் கேட்காத வேகத்தில், டாண் டாண் டாண் என்று மலையெல்லாம் எதிரொலித்தது. கீழேயிருந்து தப்பு பதில் சொன்னது. ஐயாவு தாமே அடித்தாராம். இலட்சுமி பிறகு சொன்னாள்.

றம்ஸீன் நனைந்த கோப்பை உதறி, நனையாத ஒரு தாளைத் தேடி எடுத்து, மேட்டு லயம் பதினான்கு வீடு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான். பிறகு தன் பைக்குள்ளிருந்து ஒரு இரும்புச் சாவியை எடுத்தான். முழங்கை நீளம், தலையில் குறுக்குக் கம்பி.

“இது பள்ளத்து லயத்து வால்வ் சாவி அக்கா. ரெண்டு லயத்துக்கும் நேரம் பிரிச்சுத் தொறந்து மூட ஒராள் வேணும். நான் பெரிய ஆக்கள்கிட்ட சொல்லிக்கிறேன். பைப்புல கைய வச்சு தண்ணிட மனசு தெரிஞ்சவங்ககிட்ட ஈக்கட்டும்.”

கிருஷ்ணகுமாரி சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பால்வெட்டுக் கத்திக்குப் பிறகு அவள் கைக்கு வந்த இரண்டாவது இரும்பு அது. அவன் ஈரச் சட்டையோடு, படிகளில் விசிலடித்துக்கொண்டே இறங்கினான்.

மணியடித்துவிட்டு வந்த சம்பந்திக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். “இருங்க” என்று கையைக் காட்டிவிட்டு நேரே பின்கட்டுக் கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தொட்டித் தண்ணீர் குபுக்கென்று இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு தரம். மூன்றாம் தரம். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெளியே வந்த ஜீவராணி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. துணிப்பையைக் கட்டிலில் வைத்து, கிருஷ்ணகுமாரி காலையில் பாதியில் விட்ட விரிப்பைத் தன் கையால் இழுத்துச் சரிசெய்தாள். பிறகு பையைத் திறந்தாள். உள்ளே நிரோஷாவின் சட்டைகள், கிளினிக் அட்டை, துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துணிகள் சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்தபடி.

“எல்லாம் கொண்டு வந்தீங்களா சம்மந்தி?” கிருஷ்ணகுமாரிக்குக் குரல் வரவில்லை. “தண்ணி வராம இருந்திருந்தா?”

“திரும்பத் தூக்கிட்டுப் போயிருப்பேன்.” ஜீவராணி துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். “வரணும்னுதான் தூக்கிட்டு வந்தேன். இந்தப் புள்ள ஒரு மாசமா என் வீட்டுல ஒழுங்கா சாப்பிடல. எனக்கு மட்டும் கண்ணு இல்லையா?”

நிரோஷா மாமியின் தோளில் முகத்தைப் புதைத்தாள். “போதும் போதும், சேல நனையுது” என்றாள் ஜீவராணி, அந்தத் தோளை விலக்காமலே.

சாப்பிடச் சொல்லியும் அவள் இருக்கவில்லை. த்ரீவீல்காரன் காத்திருக்கிறான் என்றாள். போகும்முன் இரண்டு போத்தல்களைக் கொடுத்து அந்தக் குழாய்த் தண்ணீரை நிரப்பித் தரச் சொன்னாள். கரவனெல்லவில் சில நாள் குழாய் வருவதில்லை, அதுவும் ஒரு காரணம் என்றாள். மற்றக் காரணத்தைச் சொல்லவில்லை.

வாசலில் குடையை விரித்தபடி திரும்பினாள்.

“புள்ள பொறக்குற வரைக்கும் இவ தண்ணிக்குன்னு ஒரு படி கீழ எறங்கப்படாது. எறங்குனான்னு கேள்விப்பட்டேன், அடுத்த பஸ்ஸுல வந்துருவேன்.”

“எறங்க விட மாட்டேன் சம்மந்தி.”

“நீங்களும் கொஞ்சம் உக்காருங்க. இனி என்னா அவசரம் உங்களுக்கு?”

குடை படிக்கட்டில் இறங்கியது. கிருஷ்ணகுமாரி வாசலில் நின்று எண்பத்துமூன்றிலிருந்து குறைத்து எண்ணினாள். நாற்பத்தோராவது படியில் குடை சற்று நின்றது. சம்பந்தி குனிந்து, போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அந்தக் கருங்கல்லில் ஊற்றி, கையால் துடைத்துவிட்டது தெரிந்தது. பிறகு குடை மறுபடி இறங்கி, மரங்களுக்குள் மறைந்தது.

“அம்மா, பைப்ப இறுக்கி மூடிட்டேன்” என்று நிரோஷா உள்ளேயிருந்து சொன்னாள்.

“சரிம்மா” என்று கிருஷ்ணகுமாரி உள்ளே வந்து, இரும்புச் சாவியை ஆணியில் மாட்டி, கதவைச் சாத்தினாள்.